பந்தைப் பறிக்கும் பொத்தான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் தம்பியும் வார இறுதிகளில் என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ விளையாட்டை ஆடுகிறோம். பந்து என் கையில் இருக்கும்வரை எனக்குச் சிக்கல் இல்லை. அவன் கைக்குப் போனதும் எல்லாம் குலைந்துவிடுகிறது. பந்தைப் பறிக்கும் பொத்தானை விடாமல் அழுத்துகிறேன். அவன் என்னைத் தாண்டிப் போய்க் கூடையில் போட்டுவிடுகிறான். கையைத் தூக்கிக்கொண்டு நேர் எதிரே நின்றாலும் சில ஷாட்கள் உள்ளே விழுகின்றன. இந்த விளையாட்டுகளில் தடுப்பாட்டம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, இல்லை கணினி முன்பே முடிவுசெய்துவிடுகிறதா? இருக்கிறது என்றால், எந்தப் பொத்தானைத்தான் அழுத்துவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தடுப்பாட்டம் உறுதியாக இருக்கிறது. அதன் பெரும்பகுதி வீரரை நகர்த்தும் இடது ஸ்டிக்கில், அதாவது உங்கள் வீரர் எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதில், நடந்துமுடிந்துவிடுகிறது. பொத்தான்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

பந்தைப் பறிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தோல்விகளில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2024–25 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அதிகமாகப் பந்தைப் பறித்தவர் அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் டைசன் டேனியல்ஸ். ஓர் ஆட்டத்துக்கு அவருடைய சராசரி 3. ஓர் ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்து ஏறத்தாழ நூறு முறை கிடைக்கிறது என்பதை இதன் அருகே வைத்துப் பாருங்கள். உலகின் மிகச் சிறந்த கைகளுக்கே அவ்வளவுதான் வாய்க்கிறது என்றால், கால்பகுதிக்கு 5 நிமிடம் வைத்து நீங்கள் ஆடும் ஆட்டத்தில் ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே நன்றாக ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள். பறிப்பதற்கான சதுரப் பொத்தானை (பிளேஸ்டேஷன் கணக்கில் சொல்கிறேன்) அழுத்தும் ஒவ்வொரு முறையும் உங்கள் வீரர் கையை நீட்டி, எடையை முன்னால் சாய்த்து, ஒரு கணம் நிலையிழக்கிறார். உங்கள் தம்பி அந்தக் கணத்தில்தான் உங்களைத் தாண்டுகிறார். தாண்டாவிட்டால் ஃபவுல் விழுகிறது. பந்து உங்கள் பக்கமாகத் திறந்து வரும்போது, அதாவது அவர் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றும்போதோ கவனமில்லாமல் பாஸ் கொடுக்கும்போதோ மட்டும், ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1993இல் வந்த என்பிஏ ஜாம் என்ற ஆர்கேட் விளையாட்டில் அணிக்கு இருவர்தான், ஃபவுல் கிடையாது, எதிராளியைப் பிடித்துத் தள்ளிப் பந்தைப் பறிக்கலாம். அங்கே பொத்தானே தடுப்பாட்டமாக இருந்தது, அது அந்த விளையாட்டுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. 2கே ஐவர் ஆட்டத்தின் நிதானத்தைத் திரையில் கொண்டுவர முயலும் விளையாட்டு. அதனிடம் ஜாமின் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பந்து வைத்திருப்பவருக்கும் கூடைக்கும் இடையில் நில்லுங்கள். எல்2 பொத்தானைப் பிடித்திருந்தால் வீரர் தாழ்ந்து, பந்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்வார். ஓட்டத்துக்கான ஆர்2வைத் தடுப்பாட்டத்தில் அளவோடு வையுங்கள், ஏனென்றால் ஓடுகிற வீரர் திசை மாற்ற நேரம் எடுக்கிறார், திறமையான எதிராளி அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிறார். ஒரு கை நீள இடைவெளி விட்டு நின்றால் பந்தைத் தரையில் தட்டியபடி காட்டும் பெரும்பாலான வித்தைகள் உங்களை அசைக்க முடியாது.

ஷாட்டைப் பொறுத்தவரை, அதைத் தட்டிவிடுவதும் அதைக் கடினமாக்குவதும் வெவ்வேறு வேலைகள். முக்கோணப் பொத்தானை அழுத்தினால் உங்கள் வீரர் தாவுகிறார். எதிராளி சும்மா பாவனை காட்டியிருந்தால் நீங்கள் காற்றில் இருப்பீர்கள், அவர் தரையில் இருப்பார். வலது ஸ்டிக்கால் கையை மட்டும் உயர்த்தினால் அந்த ஆபத்து குறைவு. உங்கள் தூரம், உயரம், தடுப்புக்கான மதிப்பெண் ஆகியவற்றைக் கணக்கிட்டு, எதிராளி பொத்தானை விடவேண்டிய சரியான தருணத்தை விளையாட்டு சுருக்கிக்கொண்டே போகிறது. அந்தச் சுருங்கிய தருணத்தையும் அவர் பிடித்துவிட்டால் பச்சை ஒளிரும், பந்து உள்ளே போகும். நீங்கள் கண்டது இதுதான். கணினியின் முன்முடிவு அல்ல. நன்றாக மறிக்கப்பட்ட ஷாட்டுக்கும் பச்சை இவ்வளவு உறுதியான பரிசாக இருப்பது எனக்கு உடன்பாடில்லை என்றாலும், நீண்ட ஆட்டத்தில் அப்படிப்பட்ட ஷாட்களை நம்பி ஆடுபவர் தோற்பார். என்பிஏவிலும் மூன்று புள்ளி ஷாட்களில் சுமார் 36 சதவீதம் உள்ளே போகத்தான் செய்கிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறொன்று. தாக்கும்போது பந்து வைத்திருப்பவரை நீங்கள் இயக்குகிறீர்கள். ஆட்டம் அவர் கையில் இருக்கிறது. தடுக்கும்போது ஐந்து பேரில் ஒருவரை மட்டும் இயக்குகிறீர்கள், மீதி நால்வரைக் கணினி இயக்குகிறது. ஆகவே எந்த ஒருவராக இருப்பது என்பதே உங்கள் முதல் முடிவு. கபடியில் பாடி வருபவரை நோக்கி ஏழு பேரும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. ஒருவர் இழுக்க, மற்றவர்கள் வழியை அடைக்கிறார்கள். பந்தை மறிக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு நீங்கள் கூடையருகே காக்கும் நடு வீரரை (சென்டர்) எடுத்துக்கொண்டால், உங்கள் தம்பி முன்வரிசையைத் தாண்டி வரும்போது கூடையருகே அவரைச் சந்திப்பவர் நீங்களாக இருப்பீர்கள். யாரையும் நெருங்கி மறிக்காமல் கூடையின் கீழ் 3 விநாடிக்கு மேல் நின்றால் மட்டும் நடுவர் விசில் ஊதுவார். 2001–02 பருவத்தில் மண்டலத் தடுப்பை, அதாவது ஆளுக்கு ஆள் மறிக்காமல் இடத்தைக் காப்பதை, அனுமதித்தபோது என்பிஏ கொண்டுவந்த விதி அது.

எதிரணி ஸ்கிரீன் வைக்கும்போது, அதாவது அவர்களில் ஒருவர் மறிப்பவரின் வழியில் அசையாமல் நின்று குறுக்கிடும்போது, மறிப்பவர் அவருக்கு மேலாக (பந்து இருக்கும் பக்கமாக) வருவதா, கீழாக (கூடைப் பக்கமாக) வருவதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்பதை அணியின் தடுப்பு அமைப்புகளில் நீங்களே சொல்லலாம். இதைப் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்து எறிவதில் வல்லவரான ஸ்டெஃபன் கரிக்கு எதிராகக் கீழாக வந்தால் அவருக்கு ஷாட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறீர்கள். தூர ஷாட்டில் அவ்வளவு வலுவில்லாத யானிஸ் அன்டெடோகூன்போ வெளியே பந்தோடு நின்றால் கீழாகவே வாருங்கள், தூரத்திலிருந்து எறியட்டும். 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் டொராண்டோ அணி அவர் கூடையை நோக்கி வரும் வழியில் பலரைக் குவித்துத்தான் அவரைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் தம்பி எந்த அணியைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள். அதில் நன்றாக எறிபவர் யார் யார் என்று பிரித்து, எறியத் தெரியாதவரை மறிப்பவருக்கு மட்டும் கீழாக வரும்படி அமைத்துவிட்டு, நடு வீரரை எடுத்துக்கொண்டு ஆடிப்பாருங்கள்.

அன்புடன்.