டிரேடர் தப்பு பண்ணா கம்பெனிக்கு ஏன் அபராதம்?

சிம்பிளா சொன்னா, ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் (பின்னாடி வாங்கவோ விக்கவோ இப்பவே விலை பேசி வெக்கிற ஒப்பந்தங்கள்) டிரேட் பண்ண ஒருத்தரை உக்கார வெச்சா, அவர் என்ன வாங்குறார், எவ்ளோ ரிஸ்க் எடுக்குறார், லிமிட் தாண்டுறாரான்னு தொடர்ந்து பாக்குற பொறுப்பு கம்பெனியோடது. இதான் மேற்பார்வைக் கடமை.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, இந்த மாதிரி டெரிவேட்டிவ் ஒப்பந்தத்துல முழுப் பணம் கட்டவேணாம், கொஞ்சம் மார்ஜின் (ஈடா கட்டுற பணம்) வெச்சே பெரிய தொகைக்கு ஒப்பந்தம் எடுக்கலாம், அதனால நஷ்டமும் கட்டின மார்ஜினோட நிக்காது.

நம்ம தி.நகர் புடவைக் கடைய பாருங்க, புடவை காட்டுறவர் ஒருத்தர், காசு வாங்குறவர் வேற, டெலிவரி கவுன்ட்டர்ல இன்னொருத்தர் பில்லையும் பையையும் சரிபார்த்து சீல் குத்தித்தான் கையில குடுப்பார். மூணையும் ஒரே ஆள்கிட்ட எந்த முதலாளியும் விடமாட்டார்.

லண்டனோட பழைய பேங்கான பேரிங்ஸ் அப்படி விட்டுச்சு. சிங்கப்பூர்ல அதோட டிரேடர் நிக் லீசன்தான் டிரேடும் பண்ணார், செட்டில்மென்ட் கணக்கையும் (டிரேடை சரிபார்த்து பணத்தை முடிக்கிற வேலை) அவரே பாத்தார், நஷ்டத்தை எல்லாம் 88888னு ஒரு கணக்குல ஒளிச்சு வெச்சார், லண்டன் ஆபீஸோ எதுக்கு இவ்ளோ மார்ஜின் பணம்னு குடைஞ்சு கேக்காம அனுப்பிட்டே இருந்துச்சு (எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதான்). 1995ல விஷயம் வெளிய வந்தப்ப போனது சுமார் 82.7 கோடி பவுண்ட். 1762ல ஆரம்பிச்ச பேங்கை நெதர்லாந்தோட ஐஎன்ஜி நிறுவனம் வெறும் 1 பவுண்டுக்கு வாங்குச்சு.

நஷ்டம் வந்தாத்தான் கம்பெனி மேல கேஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அமெரிக்காவுல டெரிவேட்டிவ் சந்தைய கண்காணிக்கிற அரசு அமைப்பான சிஎஃப்டிசி விதிப்படி ஒழுங்கா மேற்பார்வை பண்ணலன்றதே தனி விதிமீறல்தான்.