எறும்பு தீண்டாத கோலம்

கேள்வி: வாசல் கோலம் எறும்புக்கு இடும் உணவு, அதுவும் ஒரு வழிபாடு என்பார்கள். எங்கள் வீட்டுக் கோலத்தை எறும்பு எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே, ஏன்?
- வாசகி, காரைக்குடி

பதில்: கடையில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. அதில் எறும்புக்கு என்ன இருக்கிறது? ஃபினாயில் விட்டு வாசல் கழுவினாலும் எறும்பு அண்டாது; வெறும் தண்ணீர் போதும்.

பச்சரிசியைக் கழுவி வடித்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் மாவு கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். நைசாக வேண்டாம், மெல்லிய ரவைப் பதத்தில் திரியுங்கள். நைஸ் மாவு விரலில் ஒட்டி, இழை அறுந்து அறுந்து விழும். சிறு கோலத்துக்கு ஒரு கைப்பிடி மாவு தாராளம்.

தண்ணீர் தெளித்ததும் போடக்கூடாது, மாவு கூழாகிவிடும். தரை முழுக்கக் காய்ந்தால் காற்று அள்ளிப்போகும். தேங்கிய நீர் வற்றி, ஈரப்பதம் மட்டும் மிச்சமிருக்கும்போது இழையுங்கள். மாக்கோலமும் போடலாம்: பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, துணியை அதில் நனைத்து விரல்வழி வடியவிட வேண்டும். காய்ந்தால் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அழகு அதிகம், ஆனால் எறும்புக்குச் சுமந்து செல்ல வசதி உதிரி மாவுதான்.

வண்ணப்பொடி ஆசை இருந்தால் பண்டிகை நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரிசை கட்டி எறும்பு வந்துவிட்டால், உடனே பெருக்கித் தள்ளாதீர்கள்!