சோகேட் ஃபார்வர்டிங் அடிக்கடி அறுந்தால்

வணக்கம் நண்பரே. ராணிப்பேட்டை தோல் கம்பெனியின் லினக்ஸ் சர்வரிலிருந்து வேலூர் ஆபீஸ் பில்லிங் போர்ட்டுக்கு, ஒரு பக்கம் வரும் இணைப்பை மறுபக்கம் கடத்திவிடும் சோகேட் (socat) நிரலைப் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் நுழைந்ததும் அடுத்தவருக்கு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', சாப்பிட்டுவிட்டு வந்தால் திரை உறைந்து நிற்கிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலாவது சின்ன விஷயம். இணைப்புக்காகக் காத்திருக்கும் (listen) முகவரியோடு 'ஃபோர்க்' (fork, வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பிரதி) சேர்க்காவிட்டால் சோகேட் ஒரே இணைப்போடு கதவைச் சாத்திவிடும். சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இரண்டாவதுதான் ஆளைப் படுத்தும். நடுவில் இருக்கும் ரவுட்டர் சும்மா கிடக்கும் இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். லினக்ஸோ, நாம் சொன்னால்தான் கீப்அலைவ் (keepalive, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்ன பாக்கெட்) அனுப்பும். அதுவும் மாற்றாவிட்டால் 7200 விநாடி கழித்து! அதற்குள் மதியச் சாப்பாடு செரித்தே போயிருக்கும். காத்திருக்கும் முகவரி, போய்ச் சேரும் முகவரி இரண்டிலும் 'கீப்அலைவ்', 'கீப்ஐடில்=60' (keepidle, 60 விநாடி சும்மா கிடந்தாலே தட்டிப் பார்) கொடுங்கள். அப்புறமும் உறைந்தால், போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) ஓட்டி எந்தப் பக்கம் பாக்கெட் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.