ஐ.சி.யு.வா, பொது வார்டா?

கேள்வி: நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். கடைசி கிளினிக்கல் போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, எந்தப் பிரிவு வேண்டும் என்று எங்களையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஐ.சி.யு. கேட்கலாம் என்றிருக்கிறேன். பொது மருத்துவ வார்டுக்குப் போனால் பெட் விரிப்பதிலும் பிரஷர் பார்ப்பதிலுமே நாள் போய்விடும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். மனநலப் பிரிவு என்றாலே பயம். என்ன செய்யட்டும்?

பதில்: பொது வார்டு வேண்டாம் என்பதற்குச் சீனியர்கள் சொன்னதைக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். மனநலப் பிரிவு வேண்டாம் என்பதற்குப் பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். ஐ.சி.யு. ஏன் வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு காரணமும் எழுதவில்லை. முதலில் அதை யோசியுங்கள்.

பெட் விரிக்கும் வேலையைச் சீனியர்கள் குறைவாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. விரிப்பு மாற்றும்போதுதான் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறீர்கள். இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறைகிறதா என்று அப்போதுதான் தெரியும். மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை அன்றைக்கே கவனித்தால் தோல் உரியாமல் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகலாம்.

பிரஷரும் நாடியும் அப்படித்தான். கூடவே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட நோயாளியின் நிலை மோசம் என்று பொருள்), மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண் விழுந்துவிடும். மூச்சு, நாடி போன்ற ஒரு குறிக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சமே அதுதான். பிரஷர் சரியாக இருக்கும்போதே மூச்சு ஏறத் தொடங்கும் நோயாளிகள் உண்டு. அப்படியிருந்தும் பல வார்டுகளில் மூச்சை எண்ணாமலே சார்ட்டில் ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஐ.சி.யு.வில் மானிட்டர் ஒலித்து எச்சரிக்கும். பொது வார்டில் பெரும்பாலும் நர்ஸின் கண்தான் எச்சரிக்க வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வார்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஐ.சி.யு. வீண் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு நர்ஸுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான் என்பதால் ஒருவரைத் தலை முதல் கால் வரை கவனிக்க முடியும். ஆனால் வென்டிலேட்டர் அளவை மாற்றுவதையும் பிரஷரை ஏற்றும் நார்-அட்ரினலின் மருந்தின் டிரிப்பைக் கூட்டிக் குறைப்பதையும் மாணவர் கையில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பார்ப்பது நிறைய இருக்கும், கையால் செய்வது குறைவாக இருக்கும். வார்டு வேலையில் கை தேர்ந்தவருக்கு அந்தப் பார்வையே பெரிய பாடம். தேராதவர் கருவிகளின் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார்.

மனநலப் பிரிவைப் பற்றிய பயம் இயல்பானது. ஆனால் அதற்காக ஒதுங்காதீர்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் பகுதி என்று அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே புத்தகமாக எழுதினார். அறுவை சிகிச்சை முடிந்த இரவில் மனக்குழப்பத்தில் ஊசிக் குழாயைப் பிடுங்கும் முதியவரையும், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வரும் இளைஞரையும் எந்த ஆஸ்பத்திரியிலும் சந்திப்பீர்கள். அவர்கள் பக்கத்தில் பதறாமல் உட்காரவும், குறுக்கிடாமல் கேட்கவும் சொல்லித்தருகிற இடம் மனநலப் பிரிவு. தனியாகப் போகாதீர்கள், கதவுக்குப் போகும் வழியை மறிக்காமல் உட்காருங்கள், சீனியர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தப் பழக்கங்கள் வந்துவிட்டால் பயம் பாதியாகக் குறையும்.

சரி, எதை எழுதித் தருவது? இன்றிரவு, பயிற்சியில் செய்ததைப் பதிந்து கையெழுத்து வாங்கும் உங்கள் லாக் புக்கை எடுங்கள். நீங்களே கையால் செய்தவை எவை, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கியவை எவை என்று ஒளிக்காமல் பிரித்துக் குறியுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் பொது மருத்துவ வார்டுதான் என் முதல் பரிந்துரை, மனநலப் பிரிவு அடுத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு எந்தப் பிரிவுக்கும் மாறலாம். ஆனால் தவறு செய்வதற்கு முன் பக்கத்தில் நின்று திருத்துகிறவர் இருக்கும் காலம் இத்தோடு முடிகிறது.

படிவத்தைக் கொடுக்குமுன் உங்கள் ஆசிரியையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். போஸ்டிங் முழுக்க ஒரே ஸ்டாஃப் நர்ஸோடு, அவருடைய ஷிப்டிலேயே இருக்க முடியுமா? மேற்பார்வையோடு எத்தனை நோயாளிகளை என் பொறுப்பில் தருவார்கள்? ஐ.சி.யு.வில் இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்து, லாக் புக்கும் திருப்தியாக இருந்தால், தயங்காமல் ஐ.சி.யு. என்றே எழுதிக் கொடுங்கள்.