விண்கலங்கள் அனுப்பும் கோள்களின் படங்கள் உண்மையானவையா, இல்லை கணினியில் வண்ணம் பூசியவையா?

ஒரே கோள் ஒரு படத்தில் களிமண் நிறத்திலும் இன்னொரு படத்தில் பளீர் நீலத்திலும் இருக்கிறதே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் அந்த ஃபார்வர்ட் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இடது பக்கம் மங்கலான வியாழன், வலது பக்கம் நீலமும் ஆரஞ்சுமாகச் சுழல்கள், நடுவில் சிவப்பில் பெரிய கேள்விக்குறி, அடியில் 'விண்வெளி ஆய்வு என்ற பெயரில் ஏமாற்று வேலை' என்று ஒரு வரி. அந்த இரண்டு படங்களையும் செய்தது நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. கணக்கு வழக்கு பார்க்கிற வேலை. விண்கலங்கள் அனுப்பிய மூலப் படங்களை இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் சரிசெய்வது பல வருடப் பழக்கம். 'இவனுக்கு என்ன தெரியும்' என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமராவைப் பொறுத்தவரை, பொதுமக்களும் கைகொடுக்கட்டும் என்று கேட்டுத்தான் மூலப் படங்களை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. நான் திருட்டுத்தனமாக எதையும் எடுக்கவில்லை.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: படம் உண்மை, நிறம் பிறகு சேர்த்துக் கட்டியது.

விண்கலக் கேமராக்களில் பல, ஒளி எவ்வளவு வருகிறது என்பதை மட்டும்தான் அளக்கின்றன. சிவப்பு ஃபில்டர் வழியாக ஒரு கருப்பு வெள்ளைப் படம், பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று. பூமிக்கு வந்த பிறகு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் வண்ணப் படம். உங்கள் கைப்பேசியும் இதையேதான் செய்கிறது, ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒட்டியிருக்கும் குட்டி ஃபில்டரை வைத்து, உங்களைக் கேட்காமல், நொடியில் முடித்துவிடுகிறது. அப்படியானால் விண்கலத்தில் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தனித்தனி ஃபில்டர்? கண்ணுக்குத் தெரியாததையும் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்காக. ஜூனோ கேமராவில் மீத்தேன் வாயு உறிஞ்சிக்கொள்ளும் 889 நானோமீட்டர் அலைநீளத்துக்கென்றே ஒரு ஃபில்டர் உண்டு. அதில் பளிச்சென்று தெரிகிற மேகம் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அலைநீளத்துக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. ஏதோ ஒரு நிறம் கொடுத்துத்தான் காட்ட முடியும்.

என் கதைக்கு வருகிறேன். 2017 ஜூலையில் ஜூனோ வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளி என்கிற ராட்சதப் புயலுக்கு மேலே சுமார் 9,000 கி.மீ. உயரத்தில் பறந்தது. அந்தப் படங்களைப் பார்த்து ஆசை வந்து நானும் ஒரு மூலக் கோப்பை இறக்கினேன். திறந்தால் உள்ளே வியாழனே இல்லை. 1648 பிக்சல் அகலம், 128 பிக்சல் உயரத்தில் சாம்பல் நிறப் பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, நீலம் பச்சை சிவப்பு, மறுபடி நீலம் பச்சை சிவப்பு என்று நீளமாக இறங்கிக்கொண்டே போகிறது. கிழித்த துணி நாடாக்களை அடுக்கி வைத்த மாதிரி. காரணம், ஜூனோ நிமிடத்துக்கு 2 சுற்று வீதம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகிறது. கேமரா வியாழனைப் பார்க்கிற சில நொடிகளுக்குள் பட்டை பட்டையாக எடுத்துத் தள்ளுகிறது. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் விண்கலம் வெகுதூரம் நகர்ந்திருக்கும், 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கிற வியாழனும் திரும்பியிருக்கும். அதனால் சும்மா வெட்டி ஒட்டினால் பொருந்தாது. விளிம்பில் ஒரு பக்கம் சிவப்புக் கோடும் மறுபக்கம் நீலக் கோடும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மூன்று வாரம் அந்த இரண்டு கோடுகளோடுதான் இருந்தேன். கலம் எந்த நொடியில் எங்கே இருந்தது, கேமரா எந்தக் கோணத்தில் பார்த்தது என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு பட்டையையும் உருண்டைப் பரப்பின் மேல் வளைத்துப் பொருத்த வேண்டும். ஒருநாள் விடியற்காலை இரண்டு கோடும் மறைந்துவிட்டன. கருப்புப் பின்னணியில் சுத்தமான ஒரு வளைவு. அந்த நேரத்தில் வீட்டில் யாரையும் எழுப்ப முடியாது, நான் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் படம் மங்கல். ஈரக் களிமண் மேல் வெளிறிய பழுப்புக் கோடுகள், அவ்வளவுதான். வியாழனுக்குக் கிடைக்கும் வெயிலே நமக்குக் கிடைப்பதில் சுமார் 27ல் ஒரு பங்கு. கண்ணுக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அப்புறம் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்த மேகங்கள் பிரிந்தன. ஒரு சுழலின் ஓரத்தில் குட்டிக் குட்டியாக வெள்ளை மேகங்கள் எழும்பி நின்றன, பக்கத்து மேகத்தின் மேல் அவற்றின் நிழல் விழுந்திருந்தது. நிழல்! அந்த நிழலை நான் வரையவில்லை. மங்கலான படத்திலும் அது எண்களாக இருந்தது, என் கண்ணால்தான் பிரிக்க முடியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டேன். கீழே தெளிவாக எழுதினேன்: 'இடது: கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியும் நிறம். வலது: மேக அமைப்பு தெரிவதற்காக நிறமும் கான்ட்ராஸ்ட்டும் கூட்டியது.' அதன் கீழே என் பெயர். யாரோ அந்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, கேள்விக்குறி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அது என்னிடம் வந்தது என் சித்தப்பா வழியாக. போன் போட்டு, "ஏம்பா, நீ ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பாக்குறியே, இதெல்லாம் வண்ணம் பூசுன படமாமே, பாத்தியா?" என்றார்.

"சித்தப்பா, அந்தப் படத்தைச் செஞ்சதே நான்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நீயும் இதுல கூட்டா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். என்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த மனிதர். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உண்மையிலேயே கையால் வண்ணம் பூசிய கோள் படம் ஒன்று இருக்கிறது. 1965 ஜூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது எடுத்த முதல் படம். நொடிக்கு 8 பிட்டுக்குக் கொஞ்சம் மேல் என்ற வேகத்தில் வந்துகொண்டிருந்தது, 200க்கு 200 புள்ளிகள் உள்ள ஒரே ஒரு படம் வந்து சேரவே 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கலத்தில் இருந்த நாடாப் பதிவுக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற கவலை வேறு. பொறியாளர்களால் பொறுக்க முடியவில்லை. எண்களை நீளக் காகிதப் பட்டைகளில் அச்சடித்து, பலகையில் வரிசையாக ஒட்டி, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த நிறம் என்று வண்ணச் சுண்ணக் குச்சிகளால் தேய்த்தே செவ்வாயின் விளிம்பை வரைந்துவிட்டார்கள். அந்தப் பலகை இன்னும் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது சுண்ணக் குச்சி நிறம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் எண் செவ்வாயிலிருந்து வந்தது.

கான்ட்ராஸ்ட் கூட்டுவது மோசடி என்கிறவர்களுக்கு லிண்டா மொராபிட்டோவைத் தெரிந்திருக்காது. 1979 மார்ச்சில் வாயேஜர் 1 வியாழனைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து அதன் நிலவான அயோவைப் படம் எடுத்தது. மொராபிட்டோ கலத்தின் பாதையைக் கணக்கிடும் பிரிவில் வேலை செய்தவர். பின்னணியில் மங்கலாக ஒரு நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகப் படத்தின் வெளிச்சத்தை ஏற்றினார். அயோவின் விளிம்பில் குடை மாதிரி ஒன்று கிளம்பி நின்றது. எரிமலைப் புகை. பூமிக்கு வெளியே எரிமலை வெடித்துக்கொண்டிருப்பதை மனிதர்கள் முதலில் கண்டது அப்படித்தான். வந்தபடியே விட்டிருந்தால் அது கருப்பாகவே இருந்திருக்கும்.

சரி, தப்பே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது, அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. 1976ல் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படத்தில் செவ்வாயின் வானம் இளநீலமாக வெளியானது. பிறகு கலத்தின் மேலேயே வைத்திருந்த நிற அட்டை எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டு, வெளிர் சிவப்பு கலந்த பழுப்பாகத் திருத்தினார்கள். அந்த அட்டை இருப்பதே அதற்குத்தான். கியூரியாசிட்டி ஊர்தியில் நிறக் கட்டங்களோடு 1909ஆம் ஆண்டு நாணயம் ஒன்றையும் பதித்து அனுப்பியிருக்கிறார்கள், அதன் மேல் செவ்வாய்த் தூசி படிந்திருப்பது படத்தில் தெரிகிறது. வெள்ளிக் கோள் விஷயத்தில் நானும் குறை சொல்கிறவர்கள் பக்கம்தான். மெகல்லன் கலம் 1990களில் எடுத்தவை ரேடார் படங்கள். கரடுமுரடான தரை பளிச்சென்று தெரியும், வழவழப்பான தரை இருட்டாகத் தெரியும், நிறம் என்று ஒன்றுமே அதில் இல்லை. 1982ல் சோவியத் கலங்களான வெனேரா 13, 14 அங்கே தரையிறங்கி எடுத்த படங்களை வைத்து அதற்கு ஆரஞ்சு கொடுத்தார்கள். குறிப்பிலும் அப்படியே சொன்னார்கள். ஆனால் குறிப்பை யார் படித்தார்கள்? எரிகிற ஆரஞ்சு உருண்டைதான் வெள்ளி என்று எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது.

நெப்டியூனுக்கும் இதே கதிதான். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 போனபோது மேகப் பட்டைகள் தெரியட்டும் என்று கான்ட்ராஸ்ட் கூட்டி, ஆழ்ந்த நீலமாக வெளியிட்டார்கள். கூட்டியிருக்கிறோம் என்று அப்போதே குறிப்பும் போட்டார்கள். 35 வருடத்தில் படம் தங்கியது, குறிப்பு உதிர்ந்துவிட்டது. 2024ல் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு கணக்கிட்டுக் காட்டினார்கள்: யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சை கலந்த நீலம், நெப்டியூன் ஒரு பொடி கூடுதல் நீலம், அவ்வளவே. உடனே 'இத்தனை வருடம் பொய் சொன்னார்கள்' என்று கிளம்பிவிட்டார்கள். யார் சொன்ன பொய்? படத்தை வெளியிட்டவர்கள் எழுதித்தான் கொடுத்தார்கள். வெட்டியது நடுவில் இருந்தவர்கள்.

இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வருட வரவு செலவு அறிக்கை, 40 பக்கம், நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து தயாரித்தது. எந்த எண் உறுதியானது, எது உத்தேசமானது என்று ஒவ்வொரு அட்டவணையின் கீழும் எழுதியிருந்தோம். மேலே இருந்தவர் எங்கள் பெயரையும் அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே எடுத்துவிட்டுக் கூட்டத்தில் காட்டினார். பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். உத்தேச எண் உறுதியான எண்ணாகப் போய், பிற்பாடு தப்பானபோது மட்டும் எங்கள் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண் வேலையையே விட்டுவிட்டார். அடிக்குறிப்பை வெட்டுகிற மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அந்தக் கோபம் இந்தப் பதிலிலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்தப் படத்தை நம்புவது என்றால், எந்த ஃபில்டர்கள், எது கூட்டப்பட்டது, யார் செய்தது என்று கூடவே எழுதியிருக்கிற படத்தை நம்புங்கள். குறிப்பில்லாமல் வந்தால் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். அதுவும் போதாது என்றால் ஜூனோவின் மூலப் பட்டைகளையே இறக்கிப் பாருங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

'ஜூனோ கேமரா ஆராய்ச்சிக் கருவியே இல்லை, மக்களுக்குப் படம் காட்ட வைத்தது' என்று யாராவது சொல்வீர்கள். அதற்காகத்தான் வைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேமராவைக் காப்பாற்ற என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். வியாழனைச் சுற்றியுள்ள கதிர்வீச்சில் கலம் கோளை 8 முறை சுற்றி வரும்வரையாவது தாங்க வேண்டும் என்று கட்டியது, 40க்கும் மேல் தாங்கியது. 47ஆவது சுற்றில் பழுது தெரிய ஆரம்பித்து, 56ஆவது சுற்றில் கிட்டத்தட்ட எல்லாப் படங்களும் கோடும் புள்ளியுமாகக் கெட்டுப்போயின. 2023 டிசம்பர் 30 அன்று அயோவை 1,500 கி.மீ. அருகில் கடக்க வேண்டும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கேமராவை யார் போய்ப் பழுது பார்ப்பது? உள்ளே இருக்கும் சூடேற்றியை முழு அளவுக்கு ஏற்றி வைத்துக் காத்திருந்தார்கள். சூட்டில் கேமராவின் சிலிக்கான் சில்லில் ஏற்பட்ட பழுது கொஞ்சம் ஆறும் என்று ஒரு நம்பிக்கை. முதலில் ஒரு மாற்றமும் இல்லை. கடப்பதற்குச் சில நாள் இருக்கும்போது படம் தெளிய ஆரம்பித்து, அன்றைக்கு அயோவின் மலைகள் வந்து இறங்கின.

அந்தப் படங்களில் ஒன்றை நானும் செய்தேன். பிந்தைய சுற்றுகளின் படங்களில் கதிர்வீச்சு அடித்த வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், அவற்றைத் துடைத்தெடுப்பது எனக்கு இரண்டு நிமிட வேலை. நான் துடைக்கவில்லை. இந்த முறை குறிப்பைப் படத்துக்குக் கீழே எழுதாமல், அயோவின் இருட்டுப் பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டேன், வெட்டினால் நிலவும் சேர்ந்து போகிற மாதிரி. சித்தப்பாவுக்கும் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியெல்லாம் என்ன என்று கேட்டிருந்தார்.