மரு வந்தால் புற்றுநோயும் வருமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பிறப்புறுப்பில் வந்த மருவை டாக்டர் எடுத்துவிட்டார். எச்.பி.வி. வைரஸால் வந்தது என்றார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அதுதான் காரணம் என்று படித்ததிலிருந்து தூக்கமே வருவதில்லை. எனக்கும் வந்துவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மருவைத் தரும் வைரஸும் புற்றுநோயைத் தரும் வைரஸும் ஒன்றல்ல. எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 சதவீதம் 6, 11 ஆகிய வகைகளால் வருபவை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 வகைகளே காரணம்.

செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்க நம் உடலில் பி53, ஆர்பி என்ற காவல் புரதங்கள் இருக்கின்றன. 16, 18 வகைகள் இவற்றை முடக்கிவிடுகின்றன. அது பல ஆண்டுகள் நீடித்தால்தான் புற்றுநோய். 6, 11 வகைகளுக்கு அந்த வலு கிடையாது. செல்களைப் பெருக்கி மருவாக்கும், பெரும்பாலும் அத்தோடு சரி.

அபூர்வமான விதிவிலக்குகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டுப் பெரிதாக வளர்ந்த மருவில் புற்றுநோய் தோன்றியிருக்கிறது. தொண்டையில் வரும் மருக்கள் நுரையீரல்வரை பரவி அப்படி ஆனதும் உண்டு. எடுத்த இடத்தில் மீண்டும் வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, புண்ணானாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்வார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஒருவருக்கு ஒரே சமயத்தில் பல வகைகள் தொற்றியிருக்கலாம். 16, 18 வகைகள் மருவாக வெளியே தெரிவதில்லை. மரு போய்விட்டதை வைத்து அவை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மரு வராத பெண்களுக்கும் இதே நிலைதான். அதனால்தான் 30 வயதிலிருந்து எல்லாப் பெண்களும் எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொற்று இல்லையென்றால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். இந்தப் பரிசோதனை ஆபத்தான வகைகளைத்தான் தேடும். மரு வந்தது என்பதற்காக மட்டும் அடிக்கடி செய்ய வேண்டியதில்லை.

ஒருவேளை தொற்று இருப்பதாக முடிவு வந்தாலும் கலங்காதீர்கள். பெரும்பாலான தொற்றுகளை உடலே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும். நீடிப்பவற்றைத்தான் கண்காணிக்க வேண்டும். புற்றுநோயாவதற்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சையில் நீக்கிவிட முடியும். இதுவரை பரிசோதனை செய்ததில்லை என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.