பெயர்கள் வந்த வழி

கேள்வி: சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று நாம் எழுதுகிறோம். கிரேக்கர்கள் இப்பெயர்களை எப்படி உச்சரித்தார்கள்?

பதில்: நம் வடிவங்கள் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. பண்டைய ஏதென்ஸ்வாசியின் காதில் ஏறத்தாழ 'ஸோக்ரத்தேஸ்', 'பிளத்தோன்', 'அரிஸ்தொத்தெலேஸ்' என்றே இவை விழுந்திருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கிரேக்கத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு என்பதால், இப்பெயர்களின் குறில் நெடிலைக் காட்டுவதில் ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தே கைகொடுக்கிறது. நமக்கு இடறுவது பித்தாகரஸ். அதன் முதல் உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டே 'இ' சொன்னால் வரும் ஒலி; அடுத்து வருவது மூச்சை வெளித்தள்ளிச் சொல்லும் தகரம். இரண்டுக்கும் நம்மிடம் எழுத்து இல்லை.

பிளேட்டோவின் இறுதி 'ன்' லத்தீனில் உதிர்ந்துவிட்டது. ஆனால் அரபியர் அதைக் காப்பாற்றி, அவரை 'அஃப்லாதூன்' என்றார்கள். அரபியில் பகர ஒலி இல்லாததால் 'ஃப' வந்தது. சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் சேர்ந்து நிற்க அம்மொழி இடம் தராததால் முன்னால் ஓர் அகரம் சேர்ந்தது. நாம் 'ப்ளே' என்பதைப் 'பிளே' ஆக்கியதும் அதே நெருக்கடியால்தான். எனவே வழக்கில் நிலைத்துவிட்ட வடிவங்களை இனித் திருத்தப் புகுவது வீண் வேலை என்பது என் கருத்து.

கேள்வி: இவர்களின் தாக்கம் இன்றும் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது மரியாதைக்காகச் சொல்கிறோமா?

பதில்: அரிஸ்டாட்டிலைப் பொறுத்தவரை இரண்டும் உண்டு. கனமான பொருள் விரைவாக விழும் என்ற அவருடைய கூற்றை, 6ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஃபிலொப்பொனஸ் மறுத்திருந்தும், கலிலியோ காலம்வரை பலர் அப்படியே ஏற்றிருந்தார்கள். அது மரியாதை செய்த கேடு. மறுபுறம், ஒருவகைச் சுறாமீனின் குட்டி, பாலூட்டிகளின் கருவைப்போலக் கொடியால் தாயின் கருப்பையோடு இணைந்திருக்கும் என்று அவர் எழுதியதைப் பிற்காலத்தவர் நம்பவில்லை. 1842இல் வெளியான தம் ஆய்வில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யொஹான்னஸ் மியூலர் அதை மெய்ப்பித்தார். சுறாவை அறுத்துப் பார்த்த அரிஸ்டாட்டிலைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

பிளேட்டோவின் தாக்கம் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. அவர் கற்பித்த இடம், ஏதென்ஸுக்கு வெளியே அக்கதேமோஸ் என்ற வீரனின் பெயரைத் தாங்கிய தோப்பு. 'அகாடமி' என்று பலகை மாட்டும் எவரும் அந்த வீரனின் பெயரைத்தான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: சாக்ரடீஸ் எழுதிய நூல்கள் எவை?

பதில்: ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னவையாக நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, கி.மு. 399இல் அவர் நஞ்சருந்தி இறந்தபின் பிளேட்டோவும் ஜெனொஃபோனும் எழுதியவை. அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டு இன்று முழுதாகக் கிடைக்கும் சித்திரம், அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தில் இருக்கிறது. அதில் அவர் ஒரு கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராய்கிறார்.